உலாவியில் சொடுக்கும் மின்னஞ்சல் இணைப்பு லினக்ஸில் உங்கள் அஞ்சல் மென்பொருளையே திறக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினி வாங்கி, அதில் லினக்ஸ் நிறுவித் தரச் சொல்லி அல்சூர், பிரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் வருவதுண்டு. நிறுவிக் கொடுத்த இரண்டாம் வாரத்தில் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். குடியிருப்போர் சங்கத்தின் தளத்திலோ பிள்ளைகளின் பள்ளித் தளத்திலோ இருக்கும் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருள் திறப்பதில்லை. ஜிமெயிலின் நுழைவுப் பக்கம் வந்து நிற்கிறது, அல்லது ஒன்றுமே நடப்பதில்லை. அந்தப் புகாரையொட்டி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளும் இங்கே உள்ளன.

பலர் தொலைபேசியில் நான் படிக்கக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவர்கள் என்பதால், கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் 'டெர்மினல்' சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைக்கோடு, புள்ளி, சாய்கோடு எதையும் விட்டுவிடாமல் இட வேண்டும். 'எக்ஸ்டிஜி' என வருமிடமெல்லாம் எக்ஸ், டி, ஜி என்னும் மூன்று எழுத்துகள். 'மைம்' என்பது எம், ஐ, எம், ஈ. 'ஜிஐஓ' என்பது ஜி, ஐ, ஓ. பேரெழுத்து தேவைப்படும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டுள்ளேன்.

ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

சாதாரண இணைப்பு 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்குவதைப் போல, மின்னஞ்சல் இணைப்பு 'மெயில்டூ' என்ற சொல்லிலும் அதையடுத்த முக்காற்புள்ளியிலும் தொடங்குகிறது. இந்த வடிவம் இணையத்தின் தொடக்க காலத்ததே: 1994-இல் வெளியான ஆர்எஃப்சி 1738 என்ற இணைய விதி ஆவணம் இதைக் குறிப்பிட்டது, 1998-இன் ஆர்எஃப்சி 2368 இதற்குத் தனி விதிகளை வகுத்தது, இன்று நடைமுறையில் இருப்பது 2010-இல் வந்த ஆர்எஃப்சி 6068. முகவரிக்குப் பின் ஒரு கேள்விக்குறி இட்டு, மடலின் பொருள், நகல் பெறுவோர், உள்ளடக்கம் ஆகியவற்றையும் இணைப்பிலேயே எழுதிவிடலாம்.

அந்த இணைப்பு அஞ்சல் மென்பொருளைச் சென்றடைவதற்குள் மூன்று பேரின் கையைக் கடக்கிறது. முதலாவது உலாவி: 'இதை நானே ஒரு வலைத்தளத்தில் திறக்கட்டுமா, வெளியே அனுப்பட்டுமா' என்பதை அது முடிவு செய்கிறது. வெளியே அனுப்பினால் அடுத்து டெஸ்க்டாப் சூழல் (திரையையும் சாளரங்களையும் நிர்வகிக்கும் க்னோம், கேடிஇ போன்றவை), 'மெயில்டூ வகைக்குப் பொறுப்பானவர் யார்' என்று தன் பதிவேட்டைப் பார்க்கிறது. அந்தப் பொறுப்பாளரை எப்படி அழைப்பது என்பதைச் சொல்வது மூன்றாவதான டெஸ்க்டாப் கோப்பு, அதாவது அந்த மென்பொருளின் பெயரும் இயக்கும் கட்டளையும் எழுதப்பட்ட சிறு உரைக்கோப்பு. மூவரில் எவர் வழி தவறினாலும் நமக்குத் திரையில் தெரியும் விளைவு ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் ஒருவர் சொன்ன மருந்து இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

எந்த அமைப்பையும் மாற்றாமல், முதலில் உலாவியை விலக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். என்னிடம் வரும் கணினிகளில் பாதிக்கு மேல், அதன் உரிமையாளர் ஏற்கெனவே ஐந்தாறு அமைப்புகளை மாற்றிப் பார்த்து, எதை மாற்றினோம் என்பதையும் மறந்துவிட்ட நிலையில்தான் வருகின்றன. ஆகவே முனையத்தைத் திறந்து இதை மட்டும் இடுங்கள். முகவரியின் இடத்தில் உங்கள் சொந்த முகவரியை எழுதுங்கள்:

எக்ஸ்டிஜி-ஓப்பன் மெயில்டூ:முகவரி

புதிய மடல் எழுதும் சாளரம், 'பெறுநர்' இடத்தில் அந்த முகவரியுடன் திறந்தால், டெஸ்க்டாப் சூழலும் டெஸ்க்டாப் கோப்பும் சரியாக இருக்கின்றன. கோளாறு உலாவியில் மட்டுமே. உலாவி திறந்தாலோ, வேறொரு மென்பொருள் திறந்தாலோ, எதுவும் நிகழாவிட்டாலோ, உலாவியின் அமைப்புகளில் எவ்வளவு நேரம் தேடினாலும் பயனில்லை. இரண்டாவதாக, இப்போது பொறுப்பில் இருப்பவர் யார் என்று கேட்டுவிடுங்கள்:

எக்ஸ்டிஜி-மைம் க்வெரி டிஃபால்ட் எக்ஸ்-ஸ்கீம்-ஹாண்ட்லர்/மெயில்டூ

இதற்கு விடையாக ஒரு டெஸ்க்டாப் கோப்பின் பெயர் வரும். வெற்று வரி வந்தால் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். விடையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முனையம் பக்கமே போகாமல், அமைப்புகளிலிருந்தே மாற்ற முடியாதா?

முடியும், பெரும்பாலோருக்கு அதுவே போதும். க்னோமில் 'செட்டிங்ஸ்' சாளரத்தில் 'டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்' என்ற பகுதியில் 'மெயில்' என்ற வரி உள்ளது. புதிய பதிப்புகளில் இந்தப் பகுதி 'ஆப்ஸ்' என்பதற்குள் சென்றுவிட்டது. கேடிஇ-யில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' சாளரத்தின் 'டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்' பக்கத்தில் 'ஈமெயில் கிளையன்ட்' என்று இருக்கும். லினக்ஸ் மின்டின் சின்னமன் சூழலில் 'பிரிஃபர்டு அப்ளிகேஷன்ஸ்' என்று தேடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யின் பழைய பதிப்புகளிலும் அதே பெயர்தான், 4.16 பதிப்பிலிருந்து அது 'டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்' என்று ஆகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் உங்கள் அஞ்சல் மென்பொருளின் பெயரே காணப்படாவிட்டால், அதன் டெஸ்க்டாப் கோப்பு தன்னை மெயில்டூ வகைக்கு உரியது என்று அறிவித்துக்கொள்ளவில்லை. தண்டர்பேர்டை நிறுவனத் தளத்திலிருந்து சுருக்கப்பட்ட கோப்பாக இறக்கி, வீட்டு அடைவில் விரித்து ஓட்டுகிறவர்களுக்கு இது எப்போதும் நேர்கிறது, ஏனெனில் அந்தத் தொகுப்பை விரிப்பதால் மட்டும் எந்த டெஸ்க்டாப் கோப்பும் உருவாவதில்லை.

கட்டளையின் வழியாக மாற்றுவது எப்படி?

தண்டர்பேர்டை உதாரணமாகக் கொண்டால்:

எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ் செட் டிஃபால்ட்-யூஆர்எல்-ஸ்கீம்-ஹாண்ட்லர் மெயில்டூ தண்டர்பேர்ட்.டெஸ்க்டாப்

இதே வேலையை வேறு இரண்டு கட்டளைகளும் செய்யும்:

எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட் தண்டர்பேர்ட்.டெஸ்க்டாப் எக்ஸ்-ஸ்கீம்-ஹாண்ட்லர்/மெயில்டூ

ஜிஐஓ மைம் எக்ஸ்-ஸ்கீம்-ஹாண்ட்லர்/மெயில்டூ தண்டர்பேர்ட்.டெஸ்க்டாப்

பின்னிரண்டில் சொற்களின் வரிசை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். தொலைபேசியில் சொல்லும்போது நானே பலமுறை தடுமாறியிருக்கிறேன். எதையும் நிர்வாகி உரிமையுடன், அதாவது 'சுடோ' சேர்த்து இடக் கூடாது. இட்டால், மாற்றம் நிர்வாகியின் கணக்கில் பதியுமே தவிர உங்கள் கணக்கைத் தொடாது. கட்டளை பிழை எதுவும் சொல்லாது, ஆனால் இணைப்பு பழையபடியே நடந்துகொள்ளும்.

இவை எல்லாம் முடிவில் எழுதுவது ஒரே கோப்பில்தான்: வீட்டு அடைவுக்குள் '.கான்ஃபிக்' என்ற மறைந்த அடைவில் உள்ள 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்'. அதை உரைத்திருத்தியில் திறந்தால், 'டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்' என்று சதுர அடைப்புக்குள், இரு சொற்களும் பேரெழுத்தில் தொடங்க எழுதப்பட்ட தலைப்பு இருக்கும். அதன் கீழ் 'எக்ஸ்-ஸ்கீம்-ஹாண்ட்லர்/மெயில்டூ' என்று எழுதி, சமக்குறி இட்டு, டெஸ்க்டாப் கோப்பின் பெயரை எழுதினால் வேலை முடிந்தது. கட்டளையைவிட இந்தக் கோப்பைக் கையால் திருத்துவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அதே வகைக்கு முன்பு யாரோ இட்ட இன்னொரு வரி கிடந்தால் அப்போதே கண்ணில் படும்.

பழைய கணினிகளில் இதே பெயருள்ள கோப்பு '.லோக்கல்' அடைவுக்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' என்ற இடத்திலும் இருக்கக்கூடும். அது கைவிடப்பட்ட இடம் என்றாலும் பல நிரல்கள் இன்னும் படிக்கின்றன. ஒன்று சொல்வதும் மற்றது சொல்வதும் முரண்பட்டால் பழையதிலுள்ள மெயில்டூ வரியை நீக்கிவிடுங்கள்.

டெஸ்க்டாப் கோப்பின் சரியான பெயரை எப்படித் தெரிந்துகொள்வது?

ஊகிக்காதீர்கள், அடைவைத் திறந்து பாருங்கள். உங்கள் லினக்ஸின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவியவை '/யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' அடைவிலும், மென்பொருளைத் தனி அடைப்புக்குள் வைத்துத் தரும் தொகுப்பு முறைகளான ஸ்னாப், ஃபிளாட்பாக் இரண்டில் ஸ்னாப் வழியே வந்தவை '/வார்/லிப்/ஸ்னாப்டி/டெஸ்க்டாப்/அப்ளிகேஷன்ஸ்' அடைவிலும், ஃபிளாட்பாக் வழியே வந்தவை '/வார்/லிப்/ஃபிளாட்பாக்/எக்ஸ்போர்ட்ஸ்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' அடைவிலும் இருக்கும். ஒரே தண்டர்பேர்டுக்கு டெபியன் லினக்ஸின் களஞ்சியத்தில் ஒரு பெயர். ஸ்னாப் தொகுப்பில் அந்தச் சொல்லே அடிக்கோட்டுடன் இரண்டு முறை வரும் இன்னொரு பெயர். ஃபிளாட்பாக்கில் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட பெயர். பெயரில் ஓர் எழுத்து பிழையானாலும் பதிவேடு அதைப் பிழை என்று சொல்லாது. அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பேசாமல் தாண்டிச் சென்றுவிடும்.

முனையத்தில் சரியாகத் திறக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் ஜிமெயில் திறக்கிறது. ஏன்?

ஒரு வலைத்தளம் தன்னையே மெயில்டூ இணைப்புகளின் பொறுப்பாளராகப் பதிவு செய்துகொள்ள உலாவிகள் இடமளிக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸில் இந்த வசதி 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே உள்ளது. எப்போதோ மேலே தோன்றிய ஒரு பட்டையில் 'அனுமதி' என்று அழுத்தியிருப்பீர்கள். முதல் கையான உலாவி அங்கேயே முடிவெடுத்துவிடுவதால், டெஸ்க்டாப் சூழலுக்குத் தகவலே போவதில்லை.

'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஜெனரல்' பகுதியில் கீழே இறங்கி, 'அப்ளிகேஷன்ஸ்' என்ற பட்டியலில் 'மெயில்டூ' வரியைத் தேடுங்கள். அதன் வலப்பக்கத்தை அழுத்தினால் விரியும் பட்டியலில், தண்டர்பேர்டின் பெயருக்கு அருகே 'டிஃபால்ட்' என்று அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கும் தேர்வையே எடுங்கள். 'யூஸ் அதர்' என்பதை அழுத்தி, தண்டர்பேர்டின் இயங்கு கோப்பைத் தேடிக் காட்டுவதும் வேலை செய்யும். ஆனால் நாளை நீங்கள் எவல்யூஷனுக்கோ கேமெயிலுக்கோ மாறினால் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் பழைய மென்பொருளையே பிடித்துக்கொண்டிருக்கும். டெஸ்க்டாப் சூழல் சொல்வதைக் கேட்கும்படி உலாவியை விட்டுவிடுவதே நல்லது.

அப்படியும் மாறாவிட்டால், உலாவியை மூடிவிட்டு, உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் விவரத்தொகுப்பு ('புரொஃபைல்') அடைவில் உள்ள 'ஹாண்ட்லர்ஸ்.ஜேசன்' என்ற கோப்பை வேறு பெயருக்கு மாற்றுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்று உருவாகும். பிடிஎஃப் போன்ற பிற வகைகளுக்கு நீங்கள் செய்திருந்த தேர்வுகளும் அதோடு போய்விடும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

குரோமிலும் குரோமியத்திலும் எங்கே மாற்றுவது?

முகவரிப் பட்டையில் 'குரோம்://செட்டிங்ஸ்/ஹாண்ட்லர்ஸ்' என்று இட்டால் நேரே உரிய பக்கம் வரும். அங்கே மின்னஞ்சலுக்கு ஏதேனும் வலைத்தளம் பதிவாகியிருந்தால், அதன் எதிரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி நீக்குங்கள். குரோமில் ஃபயர்ஃபாக்ஸைப் போல மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் கிடையாது. வலைத்தளம் இல்லையென்றால் வெளியே அனுப்பும், அவ்வளவே.

ஒரே கணினியில் ஃபயர்ஃபாக்ஸில் தண்டர்பேர்ட் திறக்கிறது, குரோமில் ஒன்றும் நடப்பதில்லை. இருவரும் ஒரே பதிவேட்டைத்தானே பார்க்கிறார்கள்?

பதிவேடு ஒன்றே, போகும் பாதை வேறு. ஃபயர்ஃபாக்ஸ் ஜிஐஓ என்ற நூலகத்தின் வழியே நேரடியாகப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறது. குரோமோ மற்ற வெளி இணைப்புகளை எக்ஸ்டிஜி-ஓப்பனிடம் தரும்; மெயில்டூவை மட்டும் எக்ஸ்டிஜி-ஈமெயில் என்ற தனி நிரலிடம் ஒப்படைக்கும். அந்த நிரல் ஒரு நீண்ட ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது முனையக் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. உங்கள் டெஸ்க்டாப் சூழல் எது என்று கண்டறிந்து, பொறுப்பாளர் தண்டர்பேர்ட் என்று தெரிந்தால் இணைப்பைப் பிரித்து, தண்டர்பேர்டுக்கு உரிய 'கம்போஸ்' வடிவில் மாற்றித் தருவது அதன் வேலை. இந்த மாற்றத்தில் எங்கே இடறினாலும் பாதிக்கப்படுவது குரோம் மட்டுமே.

ஆகவே குரோமின் கோளாறுக்கு முதலில் சொன்ன எக்ஸ்டிஜி-ஓப்பன் சோதனை போதாது. முனையத்தில் 'எக்ஸ்டிஜி-ஈமெயில்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு முகவரியை இட்டுப் பாருங்கள். அது பிழை சொன்னால், 'எக்ஸ்டிஜி-யூட்டில்ஸ்' தொகுப்பைப் புதுப்பிப்பதுதான் முதல் மருந்து. பிழை எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டால், குரோமையே முனையத்திலிருந்து இயக்கி, இணைப்பைச் சொடுக்கி, முனையத்தில் என்ன வரிகள் விழுகின்றன என்று பாருங்கள். திரையில் மௌனமாக இருக்கும் உலாவி முனையத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடும்.

இணைப்பைச் சொடுக்கியதும் உலாவியில் புதுப் புதுத் தாவல்கள் நில்லாமல் திறந்துகொண்டே போகின்றன. என்ன செய்வது?

முதலில் உலாவியை மூடுங்கள்; முடியாவிட்டால் முனையத்தில் 'கில்ஆல்' என்ற கட்டளையால் நிறுத்துங்கள். மெயில்டூவின் பொறுப்பாளராக உலாவியே பதிவாகியிருக்கிறது: உலாவி இணைப்பை வெளியே அனுப்புகிறது, டெஸ்க்டாப் சூழல் அதை உலாவியிடமே திருப்பித் தருகிறது, உலாவி மறுபடி வெளியே அனுப்புகிறது. பந்து இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும்.

பொறுப்பாளரைச் சரியாக நிறுவினால் இது தீரும். ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்ற சாளர மேலாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு முழு டெஸ்க்டாப் சூழல் இல்லாமல் இயங்குகிறவர்களுக்கு இது அதிகம் நேர்வதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்டிஜி-ஓப்பன், எந்தச் சூழலில் இருக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் 'எக்ஸ்டிஜி_கரன்ட்_டெஸ்க்டாப்' என்ற, முழுதும் பேரெழுத்தில் எழுதப்படும் சூழல் மாறியைப் பார்த்தே அறிகிறது. அது வெறுமையாக இருந்தால் பொதுவழிக்குச் செல்கிறது. அங்கே பொறுப்பாளர் கிடைக்காவிட்டால், எந்த இணைப்பானாலும் உலாவியிடம் கொடுத்துப் பார்ப்பதே அதன் கடைசி முயற்சி. மாறியின் மதிப்பைத் திருத்துவதைவிட, மேலே சொன்ன மைம்ஆப்ஸ்.லிஸ்ட் கோப்பில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பது எளிது.

உலாவி ஸ்னாப்பாகவோ ஃபிளாட்பாக்காகவோ இருந்தால் வேறுபாடு உண்டா?

உண்டு. உபுண்டுவில் 22.04 பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸும், 24.04 பதிப்பிலிருந்து தண்டர்பேர்டும் ஸ்னாப் வடிவிலேயே வருவதால், இந்தக் கேள்வி இப்போது பலருக்கும் பொருந்துகிறது. அடைப்புக்குள் இயங்கும் மென்பொருள், வெளியே உள்ள மற்றொரு மென்பொருளைத் தானாக இயக்க முடியாது. 'இந்த இணைப்பைத் திறந்து கொடு' என்று வாசலில் நிற்கும் இடைநிலைச் சேவையிடம் கேட்க மட்டுமே அதற்கு உரிமை உண்டு. ஃபிளாட்பாக்கில் அந்தச் சேவையின் பெயர் 'எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்'. அது இயங்க, உங்கள் சூழலுக்கு ஏற்ற ஒரு துணைத்தொகுப்பும் தேவை: கேடிஇ-க்கு அதே பெயரின் முடிவில் 'கேடிஇ' சேர்ந்தது, எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றுக்கு 'ஜிடிகே' சேர்ந்தது. இந்தத் துணைத்தொகுப்பு இல்லாத கணினிகளில் சொடுக்கினால் எதுவும் நடக்காமல் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நிறுவி, வெளியேறி, மீண்டும் நுழைந்தால் சரியாகிவிடும்.

அடைப்புக்குள் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸின் 'அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் தண்டர்பேர்டின் பெயர் தெரியாமலும் போகலாம். அது குறையன்று. கணினியின் இயல்புத் தேர்வுக்கு விடும் தேர்வை எடுத்தால் போதும்.

போர்ட்டல் சேவை சில நேரம் 'எதில் திறக்கட்டும்' என்று கேட்கும். அடுத்தடுத்து ஒரே மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால், அதையே நினைவில் கொண்டு பிறகு கேட்காமல் விட்டுவிடும். தவறான ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் அழிக்கும் கட்டளை இது:

ஃபிளாட்பாக் பெர்மிஷன்-ரிமூவ் டெஸ்க்டாப்-யூஸ்டு-ஆப்ஸ் எக்ஸ்-ஸ்கீம்-ஹாண்ட்லர்/மெயில்டூ

தண்டர்பேர்ட் திறக்கிறது, ஆனால் புதிய மடல் சாளரம் வராமல் அஞ்சல்பெட்டி மட்டும் திறக்கிறது.

டெஸ்க்டாப் கோப்பில் 'எக்ஸெக்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். முதலெழுத்து மட்டும் பேரெழுத்து. அந்த வரியின் முடிவில் விழுக்காட்டுக் குறியும் 'யூ' என்ற எழுத்தும் சேர்ந்து இருக்க வேண்டும். சொடுக்கிய இணைப்பை அந்த இடத்தில் வைத்துத்தான் மென்பொருளை அழைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் தண்டர்பேர்டுக்கு அழைப்பு வரும், செய்தி வராது. யாரோ கையால் எழுதிய கோப்புகளில் இந்தக் குறை மிக வழக்கம்.

'தண்டர்பேர்ட் ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதிலளிக்கவில்லை' என்ற செய்தி வந்தால் காரணம் வேறு. வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு விவரத்தொகுப்புகள் வைத்து, அவற்றில் ஒன்றை 'நோ-ரிமோட்' என்ற விருப்பத்துடன் திறந்திருப்பீர்கள். அந்த விருப்பம், வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேட்காதே என்பதே. அதை விட்டுவிட்டு, வேறுபடுத்தும் விருப்பமாக விவரத்தொகுப்பின் பெயரை மட்டும் கொடுங்கள்.

முனையத்திலேயே இயங்கும் மட்ட் போன்ற மென்பொருளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், மட்ட் மெயில்டூ இணைப்பை நேரடியாகவே புரிந்துகொள்ளும். வீட்டு அடைவின் '.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' அடைவில் ஒரு டெஸ்க்டாப் கோப்பு எழுதி, அதன் 'மைம்டைப்' வரியில் (முதல் எம்மும் நடுவிலுள்ள டி-யும் பேரெழுத்து) எக்ஸ்-ஸ்கீம்-ஹாண்ட்லர்/மெயில்டூ என்றும், இறுதியில் அரைப்புள்ளியும் இடுங்கள். 'டெர்மினல்' என்ற, முதலெழுத்து பேரெழுத்தான வரிக்கு 'ட்ரூ' என்று மதிப்பளிப்பது முறையான வழி என்றாலும், ஜிஐஓ தனக்குத் தெரிந்த சில முனையங்களை மட்டுமே தேடுவதால் உங்கள் முனையம் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். ஆகவே 'எக்ஸெக்' வரியிலேயே முனையத்தின் பெயரையும் எழுதி, அதற்குள் மட்ட் மென்பொருளை இயக்கச் சொல்வதே நம்பகமானது. எழுதி முடித்ததும் 'அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்' என்ற கட்டளையை அந்த அடைவின் பெயருடன் இடுங்கள்.

மடலின் பொருளில் தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன. கோளாறு என் கணினியிலா?

பெரும்பாலும் இல்லை; இணைப்பை எழுதியவரின் பக்கத்தில்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் சிலர் 'பராமரிப்புக் கட்டணம்' என்ற பொருளுடன் ஆயத்த இணைப்பு வைக்க விரும்பி என்னிடம் கேட்டதுண்டு என்பதால், இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இணைப்புக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே நேரடியாக வரலாம். மற்ற எழுத்துகளை யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியுடன் இரண்டு பதினாறிலக்கங்களாக எழுத வேண்டும் என்பது ஆர்எஃப்சி 6068-இன் விதி. இடைவெளி %20 ஆகிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. 'வணக்கம்' என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணுவோம். கணினிக்கு இரண்டு புள்ளிகளும் தனிக் குறியீடுகள் என்பதால் ஏழு குறியீடு, 21 பைட்டு. இணைப்பில் எழுதும்போது 63 குறிகள். கன்னடத்துக்கும் இதே கணக்குதான். ஆகவே இணைப்பிலேயே நீண்ட தமிழ்க் கடிதத்தை வைக்காமல், பொருளை மட்டும் வைப்பது உத்தமம்.

பொருளில் சொற்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்து விழுந்தால், எழுதியவர் இடைவெளிக்கு %20 இடாமல் படிவங்களில் வழங்கும் கூட்டல் குறியை இட்டிருக்கிறார். மெயில்டூவில் கூட்டல் குறி கூட்டல் குறியாகவே நிற்கும்; இடைவெளியாக மாறாது. எழுத்துகள் முற்றிலும் வேறு உருவம் கொண்டால், அந்தப் பக்கம் திஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களின் காலத்தில் எழுதப்பட்டு அப்படியே விடப்பட்டிருக்கலாம். அதை உங்கள் பக்கத்திலிருந்து சரிசெய்ய வழியில்லை. பொருளை அழித்துவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாத தளத்தின் இணைப்பு என் மென்பொருளைத் திறப்பது ஆபத்தில்லையா?

இணைப்பு மடலைத் தயார் செய்யுமே தவிர அனுப்பாது. அனுப்பும் பொத்தான் உங்கள் கையில்தான். ஆனாலும் கண்மூடி அழுத்தக் கூடாது. மறைநகல் பெறுவோரையும் இணைப்பிலேயே வைத்துவிடலாம். விதிகளில் இல்லாத 'அட்டாச்' என்ற சொல்லை இணைப்பில் சேர்த்து, கணினியிலுள்ள ஒரு கோப்பை உங்களுக்குத் தெரியாமலே மடலுடன் இணைக்கவைக்கும் குறையொன்று எக்ஸ்டிஜி-ஈமெயிலில் 2020-இல் வெளிப்பட்டது. தண்டர்பேர்டுடன் சேரும்போது அது செயல்பட்டது. பழைய மடிக்கணினியில் பழைய லினக்ஸை அப்படியே வைத்துக்கொள்ளாமல் புதுப்பிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இணைப்பிலிருந்து திறந்த மடலில் பெறுநர் வரிகளையும் இணைப்புக் கோப்புகளின் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் அலுவலகத்தில் பத்துக் கணினிகள் உள்ளன. ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியே செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. அதே மைம்ஆப்ஸ்.லிஸ்ட் கோப்பை '/ஈடிசி/எக்ஸ்டிஜி' அடைவில் வைத்தால் அந்தக் கணினியின் எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்தும். இங்கே மட்டும் நிர்வாகி உரிமை தேவை. தனிநபர் தன் கோப்பில் வேறு எழுதியிருந்தால் அவர் விருப்பமே வெல்லும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தது. கணினியைப் புதுப்பித்த பிறகு மறுபடி பழைய நிலை. எப்படி?

முதலில் தாளில் குறித்துக்கொண்ட டெஸ்க்டாப் கோப்பின் பெயரை எடுத்து, அப்பெயரில் ஒரு கோப்பு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு ஏறியவர்களுக்கு, களஞ்சியத்துத் தண்டர்பேர்ட் போய் ஸ்னாப் வந்தபோது அந்தப் பெயரும் மாறிவிட்டது. பதிவேடோ, இப்போது இல்லாத ஒரு கோப்பையே இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது.

மைம்ஆப்ஸ்.லிஸ்ட் கோப்பில் ஒரு வகைக்கு ஒரே பெயர்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரைப்புள்ளி இட்டு இரண்டு பெயர்களை அடுத்தடுத்து எழுதலாம். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதற்குச் செல்லும். நான் நிறுவிக் கொடுக்கும் கணினிகளில் களஞ்சியப் பெயரையும் ஸ்னாப் பெயரையும் இப்போதெல்லாம் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.